தனுஷ்கோடித் துறையில் கை காட்டியவள்

இன்று இராமநாதபுரம் நிலையத்தில் இஞ்சினின் கரிப்புகை முகத்தில் அடித்ததும், போகிற ரயிலுக்குக் கை காட்டிக்கொண்டிருந்த மகளின் கையைச் சட்டென்று கீழே இழுத்துவிட்டேன். ஏன் இழுத்தேனோ.

தனுஷ்கோடியில் அதே புகைக்குள்தான் வளர்ந்தேன். அம்மா இல்லை, அய்யாவுக்கு ரயில்வே வேலை. ரயிலில் வந்தவர்கள் சுங்கத்தில் பெட்டிகளைத் திறந்து காட்டி, மறுபடி கட்டி, இலங்கைக் கப்பலில் ஏறும்வரை பார்த்திருந்து, கப்பல் நகர்ந்ததும் வழியனுப்ப வந்தவர்களோடு நின்று நானும் கை காட்டுவேன். முகம் தெரியாதவர்கள் பதிலுக்குக் காட்டுவார்கள். பிறகு துறையில் மணலும் காற்றும்தான் இருக்கும்.

"யாருத்தா போறா?" என்பாள் கருவாடு விற்கும் செபஸ்தியம்மா.

"எங்க அத்தை."

"நேத்து சித்தின்ன! ஒஞ் சொந்தத்த ஏத்த ஒரு கப்பல் பத்தாது போ."

அய்யாவுக்கு மாற்றலாகி நாங்கள் ரயிலேறியபோது எனக்குக் கை காட்ட அவள் ஒருத்திதான் வந்திருந்தாள். அழுகை தெரிந்துவிடுமென்று பதிலுக்குக் கை காட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பல வருஷம் கழித்துப் புயல் அந்த ஊரையே கொண்டுபோனது. அவள் என்ன ஆனாள் என்று கேட்க இன்றுவரை துணியவில்லை.

கடைசிப் பெட்டி நகர்ந்துகொண்டிருந்தது. மகளின் கையைத் தூக்கிவிட்டு நானும் கை காட்டினேன்.

"யாரும்மா போறா?"

"செபஸ்தியம்மா," என்றேன்.