ரைட்டுல ஓடுனவள கோல்ல நிறுத்துனாங்க

அந்த மாடி வூட்டுக்காரி சொல்றத வுடு சரசு. அவ வூட்ல கேஸ் சிலிண்டர் தீந்தாகூட கண்ணு பட்டுச்சின்னு தான் சொல்லுவா. ஒம் பையனுக்கு முட்டி வீங்குனது கண்ணும் இல்ல, காத்து கருப்பும் இல்ல. டாக்டரு மூணு வாரத்துக்கு ஒரு ஊசின்னு எழுதிக் குடுத்தாருல்ல, அத கெட்டியா புடிச்சிக்க. எங்க மோனிஷாவுக்கும் அதே ஊசி தான். ஒக்காரு, சொல்றேன். நீ அழுவுறத பாத்தா எனக்கு அந்த நாளு ஞாபகம் வருது.

மோனிஷாவுக்கு ஃபுட்பால்னா உசுரு. என் மவன் பொண்ணுன்னு சொல்லல, ரைட்டு ஓரமா அவ பந்த எடுத்துக்கினு ஓடுனான்னா கூட ஓடுற புள்ளைங்க பாவாட தடுக்குன மாதிரி பின்னாடி நின்னுடும். எனக்கு ஆட்டம் ஒண்ணும் புரியாது. அவ பின்னல் ஆடுறத மட்டும் பாத்துக்கினு இருப்பேன்.

மொதல்ல தொண்டை வலின்னா. ஐஸ் தின்ன, அதான்னு திட்டுனேன். ரெண்டு நாள்ல சரியாப்போச்சி. கொஞ்ச நாள் கழிச்சி உழவர்கரைல ஒரு மேட்சு ஆடிட்டு வந்தா. காலைல பாத்தா வலது முட்டி பலாப்பழமாட்டம் வீங்கிக் கெடக்குது. பந்து ஆடுற வூட்ல கால் வீங்குனா என்ன நெனப்போம்? அந்த ஊரு டீமு புள்ள ஒருத்தி உதச்சிட்டான்னு தான். நான் சும்மா இருப்பனா? ஆட்டோ புடிச்சி அந்த புள்ள வூட்டுக்கே போயி, "பொண்ண பெத்தியா கழுதைய பெத்தியா"ன்னு அவ அம்மாவ கேட்டேன். அவளும் லேசுப்பட்டவ இல்ல. "உன் பேத்திய தொட்டுக்கூட பாக்கல, போ ஆயா"ன்னா.

இங்க கட்டு போட்டு உட்டோம். கட்டு பிரிக்கறதுக்குள்ள அந்த முட்டி வத்திப்போச்சி, இடது முட்டி வீங்கிக்கிச்சி. அப்பறம் கணுக்காலு, அப்பறம் கை மணிக்கட்டு. அந்த கைய யாரு உதச்சா, சொல்லு. ஒரு நாள் மாடிப்படி ஏறி பாதில ஒக்காந்துட்டா. "ஆயா, மூச்சு வாங்குது"ன்னா. கிரவுண்ட சுத்தி சுத்தி ஓடுற புள்ள, சரசு, நாலு படி ஏற முடியல.

பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கினு போனோம். ரத்தம் எடுத்தாங்க, நெஞ்சுல பசை தடவி டிவி பொட்டில பாத்தாங்க. அதுக்கு எக்கோவாம். டாக்டரம்மா சின்ன பொண்ணு, பொறுமையா சொன்னாங்க: "இது ருமாட்டிக் காய்ச்சல் ஆயா. தொண்டைல வந்த கிருமிய எதுத்து சண்ட போடற உடம்பு, தன்னோட மூட்டையும் இதயத்தையும் சேத்து அடிச்சிடுது. இதயத்துல கதவு மாதிரி வால்வு இருக்கு. அது லேசா வீங்கி, சரியா சாத்தல."

"சாத்துமா?"

"நெறைய பேருக்கு கொறையும். ஆனா மறுபடி தொண்டை வலி வந்து இது திரும்புனா இன்னும் கெடும். அதுக்குத்தான் ஊசி. ஒண்ணுகூட தவறக்கூடாது, வருஷக்கணக்கா."

கதவு சாத்தாத வூட்ல எப்பிடி தூங்கறது? எனக்கு அப்பிடி தான் இருந்துச்சி. அவ தண்ணி குடிச்சா பாப்பேன், இருமுனா பாப்பேன். அவளும் எப்பப்பாரு கழுத்துல வெரல வெச்சிக்கினு துடிப்ப பாத்துக்கினே இருந்தா. பந்து கட்டிலுக்கு அடில கெடந்துச்சி. எடுக்கவே இல்ல.

பல மாசம் போச்சி. மறுபடி எக்கோ எடுத்துட்டு, "கொறைஞ்சிருக்கு, கொஞ்சம் கொஞ்சமா ஆடலாம், ஆனா மூச்சு முட்ட ஓட வேணாம்"னாங்க டாக்டரம்மா. இவ கோச்சு, அந்த சொல்தா வூட்டு புள்ள, அவங்க தாத்தா பிரெஞ்சு மிலிட்டரில இருந்தாருல்ல, அவரு வூட்டுக்கே வந்தாரு. "கோல் கீப்பரா நிக்கட்டும்"னாரு.

மோனிஷா மூஞ்ச திருப்பிக்கிட்டா. "ஓட முடியாதவள தான் அங்க நிக்க வெப்பீங்க. எனக்கு வேணாம்."

அவரு ஒண்ணும் சமாதானம் சொல்லல. "வேணாம்னா வேணாம். ரைட்டு ஓரம் இப்ப உனக்கு இல்ல, அத மட்டும் தெரிஞ்சிக்க"ன்னு எழுந்து போயிட்டாரு. மூணு நாள் சாப்புடல அவ. நாலாம் நாள் தானா போயி கையுறை மாட்டிக்கினு நின்னா.

எனக்கு வேற பயம். எல்லாரும் அவ மேல தான பந்து அடிப்பாங்க? டாக்டரம்மாவ போயி கேட்டேன், "பந்து நெஞ்சுல பட்டா அந்த கதவு பிச்சிக்காதா?" சிரிக்கல அவங்க. "அதனால வால்வு பிச்சிக்காது ஆயா. மூச்சு வாங்குனா, மயக்கம் வந்தா, நெஞ்சு படபடன்னா, உடனே நிறுத்திட்டு வரணும். அவளுக்கு சொல்லிருக்கேன்."

போன ஞாயித்துக்கெழம மேட்சு. வந்தது யாருன்னு நெனைக்கிற? அதே உழவர்கரை டீமு. நான் சண்ட போட்டேன்ல, அந்த புள்ள அம்மா எனக்கு பக்கத்துல வந்து ஒக்காந்தா. "இன்னிக்கு என் பொண்ணு உதச்சா சொல்லு ஆயா"ன்னு ஒரு குத்து குத்திட்டு, தண்ணி பாட்டில நீட்டுனா.

மொத ரெண்டு பந்தும் உள்ள போச்சி. மூணாவது அவ நெஞ்சுக்கு நேரா வந்துச்சி. டப்புன்னு சத்தம். பந்த கட்டிப்புடிச்சிக்கினு குப்புற வுழுந்தா, எழுந்திரிக்கல. நான் அந்த அம்மா கைய எப்பிடி புடிச்சேன்னா, நகம் பதிஞ்சிருக்கும். அப்பறம் மண்ண தட்டிக்கினு எழுந்தா. முன்னாடி நிக்கிறவளுங்கள பாத்து, "லெஃப்டுல ஆள வுடாத டி, கண்ணு தெரியலயா"ன்னு ஒரு அதட்டு. அது என் மாமியா கொரலு, சரசு, அப்பிடியே.

தோத்துட்டாங்க. வர வழில சொல்றா, "ரைட்டுல ஓடும்போது ஓரத்து கோட்ட தவிர ஒண்ணும் பாத்ததில்ல ஆயா. அங்க நின்னா மொத்த கிரவுண்டும் தெரியுது." எனக்கு அப்பிடி ஒரு சந்தோஷம்.

பயம் போயிடுச்சான்னு கேக்கற. போவாது. எங்க வூட்ல இப்ப மாசமே கெடையாது, இந்த ஊசிலேந்து அடுத்த ஊசி, அவ்ளோ தான் நாளு. ஆனா தெனம் காலைல தல பின்ன அவ முதுகு என் முட்டில சாயும். அவ நெஞ்சு துடிப்பு எனக்குள்ள வரும். முன்ன அது சரியா அடிக்குதான்னு மூச்ச புடிச்சிக்கினு பாப்பேன். இப்ப அது பாட்டுக்கு அடிக்குது, நான் பாட்டுக்கு பின்றேன்.

தோ, சீப்ப தூக்கிக்கினு நிக்கிறா பாரு. வரேன் டி, எண்ண கிண்ணத்த எடுத்துக்கினு வா.