பத்துக்கு மூன்று

முட்டி மாற்று ஆபரேஷன் ஆகி மூன்று வாரமாகியிருந்தது. பெங்களூரில் அடுகோடிக்குப் பிசியோதெரபிக்குப் போய்வருவதே எனக்கு அலுத்துவிட்டது. அங்கே பக்கத்துக் கட்டிலில், அதே ஆபரேஷன் செய்துகொண்ட ஆஸ்டின் டவுன் அம்மா ஒருவர் இருப்பார். ஒல்லியான உடம்பு, பருத்து வீங்கிய வலது முட்டி. தெரபிஸ்ட் பெண் காலை மடக்குவதற்கு முன்பே முந்தானையைச் சுருட்டிப் பல்லிடுக்கில் வைத்துக்கொள்வார். மடக்கி முடித்ததும் அவள், "நோவு எஷ்டு அம்மா, பத்துக்கு?" என்று கன்னடத்தில் வலிக்கு மார்க் கேட்பாள்; பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. கண்ணில் நீர் வழிய, "மூணும்மா" என்பார் இவர். நான் தினமும் ஒன்பது சொல்கிறவன்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "ஏம்மா, இப்படி அழுதுக்கிட்டே மூணுன்னு சொல்றீங்க? நெஜத்தைச் சொன்னா மாத்திரையாவது கூட்டித் தருவாங்கல்ல?"

"இடது முட்டியும் மாத்தணும் சார். இதுக்கே பத்துன்னு சொல்லிட்டா, அதுக்கு என்னத்த சொல்றது?"

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. ஈர முந்தானையை உதறிவிட்டு, வாக்கரைப் பிடித்து எழுந்தார்.

அடுத்தது என் கால். மடக்கிவிட்டு அந்தப் பெண் அதே கேள்வியைக் கேட்டாள். எனக்கும் இன்னொரு முட்டி பாக்கி இருக்கிறது. வாய்வரை வந்த ஒன்பதை விழுங்கிக்கொண்டு, "எட்டு" என்றேன். அதற்குமேல் என்னால் குறைக்க முடியவில்லை.