அவ இருந்த மாதிரி இரு

காரைதீவில் நான் பரதநாட்டியம் படிப்பித்த காலத்தில், குழந்தைக்குச் சோறூட்டும் தாயாக அபிநயம் பிடித்த ஒரு பிள்ளை பாதியில் விம்மி அழுதாள். அவளுடைய அம்மா அரபு நாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். தாளம் போட்டுக்கொண்டிருந்த தட்டுக்கழியை வைத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தேன். என்ன கதைப்பதென்று தெரியவில்லை. அது தெரியாமல் இனிப் பிள்ளைகளுக்கு அபிநயம் சொல்லிக்கொடுப்பதில்லை என்ற ரோசத்தில்தான், மனம் நொந்தவர்களுக்குத் துணையிருக்கும் உளவளத்துணை படிக்கப் போனேன். ஆடிக்கொண்டிருந்தவளுக்கு இது என்னத்துக்கு என்று வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இப்போது கல்முனையில் ஒரு சிறிய நிலையத்தில் இருக்கிறேன். புதிதாக வரும் உளவளத்துணையாளர்களைப் பழக்குவதும் என் வேலை. போன வருடம் மருதமுனையிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரி, ஆனால் வாய் ஓயாது. கணவன் மௌத்தாகி விதவையான ஒரு பெண்ணிடம் அவளை அனுப்பினேன். அந்தப் பெண் கணவனுக்காகத் துக்கம் காக்கும் இத்தாவில் இருந்தாள். அந்த மாதங்களில் வீட்டைவிட்டு வெளிக்கிட மாட்டாள், நாங்கள்தான் போக வேண்டும்.

சில கிழமைகளில் இவள் முகம் தொங்கிப்போய் வந்து நின்றாள்.

"இனி வரவேணாமாம் டீச்சர். தனக்குச் சுகமாம். எனக்கு இந்த வேல சரிவராது, நான் விடப்போறன்."

"அங்க என்னத்தச் சொன்னாய்?"

"அழ வெளிக்கிட்டா, 'சபூர் செய்ங்க ராத்தா, அல்லாஹ் இரிக்கான்' எண்டு ஆறுதல் சொன்னன். நல்லாத்தான் கதைச்சன்."

மௌத்து வீட்டுக்கு வரும் எல்லாரும் சொல்வது அதுதான்; பொறுமையாக இரு அக்கா என்று. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கதைச்சது காணும். அவ இருந்த மாதிரி இருந்து காட்டு."

ஆட்டத்திலிருந்து நான் கொண்டுவந்த ஒரே வித்தை இது. என்னிடம் பழகுகிறவர்கள் யாரும் இதற்குத் தப்ப முடியாது.

"எங்கட வாப்பா அறிஞ்சா, டான்ஸ் பழகவா போன எண்டு கேப்பாரு" என்று முனகிக்கொண்டே நிலத்தில் இருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். முக்காட்டை நெற்றிவரை இழுத்தாள்.

"இன்னும் குனி. மூச்சு எப்படி விட்டா?"

மூச்சைப் பிடித்துக் காட்டினாள். பிறகு கிட்டப் போயிருந்து, அவளுடைய குரலிலேயே சொன்னேன்: "சபூர் செய்ங்க ராத்தா."

"சொல்லாதீங்க!" என்று கத்தினாள். "வாற எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. அந்த மனிசன் எப்பிடிப் போனாரெண்டு ஒருத்தரும் கேக்கல்லியே!"

கத்தியவளே திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "அல்லாஹ்வே! நானும் கேக்கல்ல டீச்சர்."

"ஓம், கேக்கல்ல. போன் எடுத்து, ஒருக்கா வரட்டுமா எண்டு கேள். ஓமெண்டா மட்டும் போ."

அந்தப் பெண் சம்மதித்தாள். இவள் போனாள். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து, கண் சிவக்கத் திரும்பி வந்தாள்.

"எப்பிடிப் போனாரு ராத்தா எண்டு கேட்டன். மறுகா நான் வாயே திறக்கல்ல. அவதான் கதைச்சா. கதைச்சு, அழுது, பேந்தும் கதைச்சா."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்று நான் கதைக்கத் தெரியாமல் நின்ற இடத்தில், இவள் கதைக்காமல் இருக்கப் பழகிவிட்டாள். கடவுளே, இதைப் பார்க்க என்னை விட்டுவைத்தாயே என்றிருந்தது. ஆனாலும் சும்மா விட மனமில்லை.

"அப்ப, எப்ப வேலைய விடப்போறாய்?"

"போங்க டீச்சர்! வாற கிழமையும் வருவன் எண்டு ராத்தாட்டச் சொல்லிட்டு வந்திரிக்கன்."