ஏரிக்கரை ஏற்றத்தில் எல்லம்மாள்

வண்டியில் சாவியைப் போடுமுன் எல்லம்மாள் இருக்கைக்குப் பின்னாலிருக்கும் பலகையைத் தூக்கி, உள்ளேயிருக்கும் நான்கு பேட்டரிகளையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. "சுடல... சரி" என்று தனக்குத்தானே சொல்லி மூடுவாள். இரண்டடி நடந்ததும் சந்தேகம் வந்து, திரும்பி மறுபடி திறப்பாள். வண்டிச் சாவி எந்நேரமும் தாலிக்கயிற்றில் ஊக்கோடு தொங்கும்.

உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றில் தூய்மைக் காவலர் அவள். பதினோரு வருஷம் தள்ளுவண்டியில் குப்பை தள்ளினாள். போன வருஷம் ஊராட்சிக்குப் பேட்டரி வண்டி வந்தபோது, துணிந்து ஓட்டக் கற்றவள் அவள் ஒருத்திதான். "தள்ளிக்கினு போனா ஜனம் மூக்க மூடும். ஓட்டிக்கினு போனா ஒதுங்கி வழி வுடுது" என்பாள். பெருமைதான், ஏன் இருக்கக் கூடாது?

அந்தப் பெருமைக்குத்தான் இப்போது ஆபத்து. பத்து நாளாய் ஏரிக்கரை ஏற்றத்தில் வண்டி பாதியிலேயே முக்கி நின்றுவிடுகிறது. ஊராட்சிச் செயலர் ராஜாராம் மீட்டர் வைத்துப் பார்த்தார். எங்கே? நிழலில், நிறுத்திய வண்டியில்! நாலும் பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டின. "பேட்டரில ஒண்ணுமில்ல. உனக்கு ஓட்டத் தெரில. வெள்ளிக்கெழம சாவிய குட்த்துடு, வேற ஆள போட்டுக்கறேன்" என்றுவிட்டார்.

அன்றிலிருந்து எல்லம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. காஞ்சிபுரத்தில் டிப்ளமோ படிக்கும் மகள் அனுஷாவைத் துளைத்தெடுத்து ஒரு விஷயத்தைப் பிடித்தாள். பேட்டரிக்குள்ளேயே ஒரு தடை உண்டாம், அகமின்தடை என்று பேராம். சும்மா இருக்கும்போது அது தெரியாது. கரண்ட் ஓடும்போதுதான் வோல்ட்டை விழுங்கும்.

"அப்ப சும்மா கீறப்ப பாத்து இன்னா புண்ணியம்? ஏறச்சொல்லோ பாக்கணும்!"

அவள் போட்ட திட்டத்தில் அவளுடைய பயம் அத்தனையும் இருந்தது. நாலும் வரிசையாய் இணைத்தவை, ஓடுவது ஒரே கரண்ட். ஏற்றமும் ஒன்று, ஏற்றிய குப்பை மூட்டைகளும் ஒன்று. ஒரு தரம் ஏறும்போது ஒரு பேட்டரியை மட்டும் அளப்பது. அளவு எடுப்பது வண்டி முக்குமிடத்துக்குச் சற்று முந்திய பனைமரத்தருகே. கடைசியில் முதல் பேட்டரியை இன்னொரு தரம். ஏறி ஏறிச் சார்ஜ் குறைந்ததால்தான் வோல்ட் விழுந்தது என்று யாராவது சொல்லிவிட்டால்?

வெள்ளிக்கிழமை காலை ராஜாராம் சாவிக்குக் கை நீட்டினார். "ஒரு டெஸ்ட்டு கீது சார். நீங்களே குந்திப் பாருங்க" என்று அவரையே பின்னால் ஏற்றி, மீட்டர் கம்பிகளை அவர் கையில் கொடுத்தாள். ஒருவேளை நாலும் நன்றாகவே இருந்துவிட்டால்? ஓட்டத் தெரியாதவள் என்பது ஊரறிய உறுதியாகிவிடுமே!

"மரத்தாண்ட வந்ததும் படிங்க சார்!"

முதலாவது பன்னிரண்டு புள்ளி ஒன்று. கீழே வந்து, கம்பியை மாற்றி மறுபடி ஏறினார்கள். இரண்டாவது பன்னிரண்டு. எல்லம்மாளின் முதுகெல்லாம் வியர்வை. மூன்றாவது ஏற்றத்தில் ராஜாராமின் குரல் தணிந்தது.

"ஒம்பது... ஒம்பதே கால்."

வண்டி முக்கியது. அவள் பிரேக்கை அழுத்திப் பிடித்தாள்.

"போதும் எல்லம்மா, நான் எறங்கிக்கறேன்."

"எறங்காதீங்க சார், வெய்ட்டு மாறிடும்! நாலாவது கீது. அப்பால மொதலாவது திரும்பியும்."

பாவம், மனிதர் கம்பியைப் பிடித்தபடி இன்னும் இரண்டு தரம் ஏறி இறங்கினார். நாலாவது பன்னிரண்டு புள்ளி ஒன்று. திரும்பப் பார்த்த முதலாவது பன்னிரண்டு.

"மூணாவதுதான் போயிருக்குது. மாத்தச் சொல்லி இன்னிக்கே எழுதறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். இந்த முறை சாவிக்குக் கை நீளவில்லை.

எல்லம்மாள் சாவியை உருவி, ஊக்கைத் தாலிக்கயிற்றில் மாட்டப் பார்த்தாள். தவறியது. மறுபடி தவறியது. மூன்றாம் தரம் மாட்டியதும், கழன்றுவிடக் கூடாதே என்று ஒரு இழு இழுத்துப் பார்த்தாள்.