மிளகாய்த்தூள் சுற்றி வந்த பத்திரிகை

டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரில் நாங்கள் நான்கு ஆண்கள் ஒரே வீட்டில் குடியிருந்த காலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். எங்களில் ஒருவருடைய அக்கா கொழும்பிலிருந்து மிளகாய்த்தூள் அனுப்புவார். அதைச் சுற்றி வருவது இலங்கை அரசாங்கத்தின் தமிழ்ப் பத்திரிகை. தூளை டப்பாவில் கொட்டிவிட்டு, தும்மித் தும்மி அந்தத் தாள்களை வாசிப்போம்.

வாசிக்கும் முறை ஒன்றுதான்: தலைகீழ். "யாழ்ப்பாணத்தில் இயல்பு வாழ்க்கை" என்றால் ஊரடங்கு. ஒருமுறை இராணுவத்தினரோடு சனங்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வந்தது. எங்களில் மூத்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சிரிக்கச் சொன்னவன் படத்துக்கு வெளியில துவக்கோட நிக்கிறானடாப்பா" என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம். அரசாங்கப் பொய்யைக் குடித்து வளர்ந்தவர்கள், எங்களை யார் ஏமாற்றுவது என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அப்போது ஊரில் இருந்த என் மனைவியை டென்மார்க்குக்குக் கூப்பிட விண்ணப்பித்திருந்தேன். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: பரிசீலனையில் இருக்கிறது. அழகான வெள்ளைத் தாள், கீழே கையெழுத்து. அதை நான் தலைகீழாக வாசிக்கவில்லை. டெனிஷ்காரன் ஏன் பொய் சொல்லப்போகிறான்?

மனைவியின் தம்பி மன்னாரிலிருந்து படகில் இந்தியாவுக்குப் போக ஆயத்தமானான். தானும் போகட்டுமா என்று அவள் கேட்டு எழுதினாள். "போகாதேயும். இங்கே அலுவல் நடக்கிறது, எந்த நேரமும் விசா வரும்" என்று எழுதினேன். அவள் வீட்டிலேயே இருந்தாள்.

அவள் வந்துசேர மூன்று வருடம் ஆனது. ஹோர்சன்ஸ் ஸ்டேசனில் அவளுடைய இடப்பக்கமாக நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. பக்கத்து வளவில் ஷெல் விழுந்து அந்தக் காது போனதை அவள் ஒரு கடிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

பிறகொரு நாள் டெனிஷ் தொலைக்காட்சியில் எல்லாம் வெளியே வந்தது. குடும்பத்தைக் கூப்பிடத் தமிழ் அகதிகள் நாங்கள் போட்ட விண்ணப்பங்களை நீதி அமைச்சரே வேண்டுமென்று கிடப்பில் போட வைத்திருக்கிறார். அதனால் டெனிஷ் அரசாங்கமே கவிழ்ந்தது. நான் அவளுடைய வலப்பக்கம் இருந்து ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தேன். கோபத்தில் என் குரல் உயர்ந்துகொண்டே போனது.

"உவங்களும் பொய்தான் சொல்லியிருக்கிறாங்கள், பாரும்!" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "உவங்கள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே" என்றாள். "அங்க பேப்பரில வந்ததையும் நான் நம்பேல்லை. நீங்கள் எழுதினதைத்தான் நம்பினனான்."