புல்லையும் காப்பாற்றிய சாறு

பயிர்மருந்துக் கடைக்காரனும் வைத்தியன்தான். என்ன, நம் நோயாளி வயலிலேயே நின்றுகொள்வார், அவருடைய இலை ஒன்று மட்டும் யாருடைய சட்டைப் பையிலாவது கடைக்கு வரும். காஞ்சிபுரத்தில் மட்டுமல்ல, எந்த ஊரில் இந்தக் கடை வைத்துச் சீரழிந்தவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. மனைவி போன பிறகு எனக்குப் பேச்சுத்துணையும் கடைக்கு வருகிறவர்கள்தான்.

ரகசிய இலை

ஒரு கம்பெனிப் பிரதிநிதி பாட்டிலோடு வந்தார். ஏதோ இலைச் சாறு. நெல் விதையை அதில் ஊறவைத்து விதைத்தால், பிறகு அடிக்கும் களைக்கொல்லி புல்லை மட்டும் கருக்குமாம், பயிரை வாட்டாதாம். என்ன இலை என்றேன், ரகசியம் என்றார். சரி, பயிரை வாட்டுகிற அந்தக் களைக்கொல்லியை யார் தயாரிக்கிறார்கள் என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"அதுவும் நாங்கதான் சார்."

நல்ல நேரம்

முதல் பாட்டிலை வாங்கியவர் முசரவாக்கம் ஏழுமலை. குத்தகை நிலம். முந்தின பருவத்தில் களைக்கொல்லி பட்டு நெல் மஞ்சளாகிப் போனதால், இன்னொரு தடவை இப்படியானால் நிலத்தை விட்டுவிட வேண்டும் என்று நிலக்காரர் சொல்லியிருந்தார். அதனால், விதையைத்தான் ஊறவைக்க வேண்டும் என்று ஏழுமலையிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

முளைத்த பிறகு வந்தார். ராகுகாலத்துக்கு முன் விதைத்துவிடும் அவசரத்தில் சாறு மறந்துபோய், முளைத்ததும் வயல் முழுக்கத் தெளித்துவிட்டாராம். மேலே களைக்கொல்லியும் அடித்தாயிற்று. "புல்லும் சேர்ந்து குடிச்சிருக்குமேப்பா" என்றேன்.

"மூலிகைதானேண்ணா, குடிச்சிட்டுப் போவட்டும்."

விளம்பரப் படம்

குடித்தது. நெல்லும் கருகவில்லை, புல்லும் கருகவில்லை. பிரதிநிதியை அழைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். அவர் வரப்பில் நின்று, பூரிப்போடு செல்போனில் படம் எடுத்தார். ஏழுமலையின் மனைவி அஞ்சலை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"சார், நீ புடிக்கினு இருக்கறது அத்தினியும் புல்லு. நெல்லு அந்தாண்ட இருக்குது."

நிலக்காரர் பார்வை

அந்த நேரம் பார்த்து, சின்ன காஞ்சிபுரத்திலிருந்து நிலக்காரர் ஸ்கூட்டரில் வந்தார். ஏழுமலை முகத்தில் ஈயாடவில்லை. நிலக்காரர் இறங்கவில்லை, செருப்பில் சேறு படுமே. ரோட்டிலிருந்தபடியே ஒரு பார்வை. "பலே ஏழுமலை! பச்சைப்பசேல்னு வெச்சிருக்கியே. நிலத்தை இனியும் நீயே பாத்துக்கப்பா" என்று வண்டியைத் திருப்பினார்.

வண்டி கண்ணுக்கு மறைந்ததும் அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள்.

"அவுரு பாத்துட்டாரு இல்ல, இனிமே புல்லைப் புடுங்கலாம், வாய்யா."

இத்தனை வருஷத்தில் நான் விற்ற மருந்துகளில் சொன்ன வேலையைச் செய்தவை குறைவு. சொல்லாத வேலையை இவ்வளவு திருத்தமாகச் செய்தது இது ஒன்றுதான்.