தலைக்கு விலை வைத்த மருமகள்

கல்யாணமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் காலையில் பல் தேய்த்துவிட்டு அறைக்குள் வந்து பார்க்கிறேன், அலமாரியில் நின்ற என் வேட்டைக்காரர் ஒரு சுற்று சிறுத்துப் போயிருந்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். முந்தின நாள் வரைக்கும் பக்கத்தில் நிற்கும் துப்பாக்கிக்காரியின் உயரம் இருந்தவர், இப்போது அவள் தோளுக்குத்தான் வருகிறார்.

இவர்கள் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டேப்லெட்டில் ஒரு கேம் விளையாடுகிறேன். அதில் நான் பவுன்ட்டி ஹன்டர். தப்பித்து ஓடிய குற்றவாளிகளின் தலைக்கு விலை வைத்திருப்பார்கள். கிரகம் கிரகமாகத் துரத்திப் போய் அவர்களைப் பிடித்துக் கொடுத்தால் சன்மானம். அந்த கேமில் வரும் வேட்டைக்காரர்களைச் சேகரிக்கிறவர்களுக்காகப் பொம்மையாகவும் விற்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே மெடிக்கல் கோடிங் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் ஒவ்வொருவராக வாங்கி ஐந்து பேரைச் சேர்த்து வைத்திருந்தேன். கல்யாணத்தின்போது கட்டிலும் பீரோவும் லாரியில் போயின. இவர்கள் ஐந்து பேர் மட்டும் என் மடியில் உட்கார்ந்து சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் வந்தார்கள்.

வந்த அன்றே அத்தை, அதாவது என் மாமியார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அலமாரியைப் பார்த்தார்.

"யாரும்மா இவங்கள்லாம்?"

"தலைக்கு விலை வெச்சவங்கள தேடிப் புடிச்சிக் குடுக்கறவங்க அத்த."

"போலீசா?"

"இல்லங்கத்த."

"ரவுடியா?"

"அதுவும் இல்ல. ஆளப் புடிச்சிக் குடுத்து காசு வாங்கிப்பாங்க."

"அப்ப புரோக்கருன்னு சொல்லு" என்று அத்தை முடித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, மறுநாளிலிருந்து நான் விளையாடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். "அந்த மஞ்ச சட்டக்காரன விடாத, பின்னாடியே போ, பின்னாடியே போ" என்று தொடையைத் தட்டுவார். டேப்லெட்டைக் கேட்டு வாங்க மட்டும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

சரி, சிறுத்துப்போனவர் கதைக்கு வருகிறேன். எடுத்துப் பார்த்தால் நல்ல கனம். நகத்தால் தட்டினேன், 'டிங்'கென்றது. பிளாஸ்டிக் எங்கேயாவது டிங்கென்னுமா? சாம்பல் கவசம் மயில் கழுத்துப் பச்சையாகியிருந்தது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் வேட்டைக்காரர் முகத்தை முழுக்க மூடும் தலைக்கவசம் போட்டவர், அவர் முகத்தை நானே பார்த்ததில்லை. அந்தக் கவசத்தின் மேல் யாரோ அழகாக மை தீட்டிய இரண்டு கண்களை வரைந்துவைத்திருந்தார்கள். புருவம் வேறு.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் மாமனாருக்கு இங்கே செராமிக் தொழிற்பேட்டையில் சொந்த யூனிட் இருக்கிறது. கொலு பொம்மை, யானை, நாய்க்குட்டி, கன்னத்தோடு கன்னம் வைத்த ஜோடி என்று வண்டி வண்டியாகப் பொம்மை போகும். கண் இல்லாமல் ஒரு முகத்தை வெளியே அனுப்ப அங்கே வர்ணம் தீட்டும் அக்காவுக்கு மனசே வராது. களிமண் கூழை அச்சில் ஊற்றி எடுத்துச் சூளையில் சுட்டால் பொம்மை சிறுத்துவிடும் என்பதும் கல்யாணமாகி வந்த வாரமே என் வீட்டுக்காரர் யூனிட்டைச் சுற்றிக் காட்டும்போது சொன்னதுதான். அதனால் மாடலையே பெரிதாகச் செய்து அதிலிருந்துதான் அச்செடுப்பார்கள். இங்கே யாரோ என் ஆளை உடைத்துவிட்டு, ஒட்டி, அவசரத்தில் அப்படியே அச்செடுத்திருக்கிறார்கள். பெரிதாகச் செய்த மாடலையே பார்த்துப் பழகிய இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் இப்படி ஒரு மறதி வரும்.

விசாரணையை ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் வேப்பூர் பெட்ரோல் பங்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நான் இல்லப்பா. நீ வளந்துட்டியோ என்னமோ" என்றார். அத்தை, "இங்க அடிக்கிற வெயிலுக்கு சுருங்கியிருக்கும்மா" என்றார். நான் விடாமல் கேட்கவும் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே, "அட, பொம்மதானே, விடேன்" என்றார்.

வந்ததே எனக்குக் கோபம். பொம்மை விற்றுக் கட்டிய வீடு, பொம்மை விற்றுப் படித்த படிப்பு, இவர் வாயிலிருந்து வருகிறது 'பொம்மதானே'! யூனிட்டில் ஒரு நாய்க்குட்டியின் காது மூளியானால் அன்றைக்கு வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. என் ஆள் முழுசாகக் காணாமல் போயிருக்கிறார், அதற்கு ஒரு வார்த்தை கிடையாது. உடைந்தால் உடையட்டும், நான் என்ன பேயா, கடித்தா தின்றுவிடுவேன்? வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டாமா? புதிதாக ஒரு வீட்டுக்குள் வந்தவளுக்கு அங்கே தன் பொருளுக்கு மதிப்பு உண்டா என்று தெரிய வேண்டும். எனக்கு வேறு பொம்மை வேண்டாம். "தப்பு என் மேலதான்" என்று ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான்.

மாமா மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. காரணம் எளிது, மாமா தவறே செய்ததில்லை. அதாவது, அவரைப் பொறுத்தவரை. ஒரு தடவை கல்யாண மண்டபத்திலிருந்து வேறு யாருடைய ஸ்கூட்டரையோ எடுத்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிட்டார். வண்டிக்காரர் அலறியடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றபோது, "என்னய்யா வண்டி வெச்சிருக்க, பிரேக்கே புடிக்கல. எவன்னா எடுத்துட்டுப் போயி உழுந்தா என்னா ஆவறது?" என்று சத்தம் போட்டார். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாராம். இப்படிப்பட்டவரிடம் போய் நான் என்ன கேட்பது?

எனக்குத் தெரிந்த தொழிலைத்தான் நான் செய்ய முடியும். ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டினேன்: 'தேடப்படுகிறார்: வேட்டைக்காரரை உடைத்தவர். பிடித்துக் கொடுப்பவருக்கு டேப்லெட் ஒரு வாரத்துக்கு. உயிருடன் மட்டுமே.'

சாயங்காலம் மாமா தண்ணீர் எடுக்க வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"உயிருடன் மட்டுமேன்னா என்னாம்மா?"

"கேம்ல பொணமாவும் குடுக்கலாம் மாமா. குடும்பம்ங்கறதால சலுகை."

மாமா ஒரு பாட்டில் தண்ணீரையும் அங்கேயே நின்று குடித்துவிட்டுப் போனார். அத்தையின் கண் மட்டும் டேப்லெட் என்ற சொல்லிலேயே நின்றது.

இதற்குள் ஆடி பிறந்துவிட்டது. வழக்கப்படி அம்மா வீட்டிலிருந்து வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார்கள். வேட்டைக்காரர்களை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனேன். ஒரு கை குறைந்தால்கூட யாரோ வந்து தொட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும் என்கிற தைரியம். சேத்தியாத்தோப்பில் இருந்த நாளெல்லாம் அத்தையிடமிருந்து போன் வந்தபடி இருந்தது.

"ஒருத்தர் மேல சந்தேகம் இருக்குதும்மா."

"யாருங்கத்த?"

"போன்ல சொல்ல முடியாது. லைன்ல கேப்பாங்க." யார் கேட்பார்கள் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

இன்னொரு நாள், "வாரம் பூரா டேப்ப நீ தொடக் கூடாதில்ல? வேல இருக்குதுன்னு நடுவுல வாங்கிக்கிடக் கூடாது, ஆமா" என்று சன்மானத்தின் விதிமுறைகளைத் தெளிவுபடுத்திக்கொண்டார்.

ஆவணி பிறந்து திரும்பி வந்தேன். பையைக்கூட வைக்கவில்லை, நேரே அலமாரிக்குப் போனேன். அடேயப்பா! வேட்டைக்காரர் வளர்ந்திருந்தார். துப்பாக்கிக்காரியைவிட ஒரு தலை உயரம். ஆடி முழுக்க இவருக்கு மட்டும் யாரோ முட்டையும் பாலும் கொடுத்திருக்கிறார்கள். கவசம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது, கண்ணும் போய்விட்டது. புருவத்தை மட்டும் விட மனசு வரவில்லை போல, லேசாக இருந்தது. நான் கட்டிலில் விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் மறுபடி கோபம் வந்தது. சூளை போட்டு, வர்ணம் பூசி, இவ்வளவு மெனக்கெடுகிறவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்காரர் கூடத்தில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், நான் சட்னி பரிமாறுகிறேன். அத்தை உள்ளேயிருந்து வந்தார். ஒரு கையில் மாமாவின் துண்டு நுனி. துண்டின் மறுமுனையில், கழுத்தோடு சேர்ந்து, மாமா.

"இந்தா, புடிச்சாந்துட்டேன். உயிரோடதான் இருக்காரு. டேப்ப எடு."

"என்னத்த, மாமாவா?" எனக்கு நிஜமாகவே தூக்கிவாரிப் போட்டது.

"வேற யாரு? வூடு பூரா போயி ஃபேன ஆஃப் பண்றாரு. கரண்டு பில்லு, கரண்டு பில்லுன்னு கத்தறாரு. நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடியிருந்தே ஒன் ரூம்ல மட்டும் ஃபேன் சொழலுது, இவரு அந்தப் பக்கமே தலகாட்டல. ஏன்னு யோசிச்சிப் பாத்தேன். நேத்து புடிச்சி உலுக்கனேன், எல்லாத்தையும் கக்கிட்டாரு. ஃபேன ஆஃப் பண்ண போனப்ப இந்தத் துண்டு பட்டுதான் வுழுந்துதாம்."

என்னே துப்பு! கேமில் இத்தனை வருஷம் ஓடியும் எனக்கு இப்படி ஒரு மூளை வேலை செய்ததில்லை.

மாமா தொண்டையைக் கனைத்தார். "அலமாரி ஓரத்துல கொண்டாந்து வெச்சா..." என்று ஆரம்பித்தார். ஸ்கூட்டர்க்காரருக்கு நடந்ததுதான் எனக்கும் நடக்கப்போகிறது என்று நினைத்தேன். கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டு அலமாரியை நகர்த்தப்போகிறேன். அத்தை துண்டை ஒரு இழு இழுத்தார்.

மாமா தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தப்பு என் மேலதாம்மா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல."

வீட்டுக்காரர் தோசையை வாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். முப்பது வயதில் முதல் தடவையாகக் கேட்கிறார், பாவம். எனக்குச் சட்னிக் கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கேட்ட வார்த்தை கிடைத்துவிட்டது. கிடைத்ததும் கூச்சமாகிவிட்டது. "பரவால்ல மாமா, பரவால்ல" என்று நாலு தடவை சொன்னேன். அத்தைக்கு டேப்லெட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

மாமா போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

"இன்னொண்ணு இருக்குதும்மா."

"என்ன மாமா?"

"அந்த துப்பாக்கி வெச்சிருக்குதே, பொம்பள."

"அவளுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கா!"

"நல்லாத்தான் இருக்குது. அது நான் செஞ்சதும்மா."

ஓடினேன். துப்பாக்கிக்காரியை எடுத்தேன். கனம். தட்டினேன். டிங்.

நான் ஆடிப்போய்விட்டேன். அதே உயரம், அதே நிறம், அதே முறைப்பு. திறந்த முகமாக இருந்ததால் அக்காவுக்குக் கண் வரைவதிலும் குழப்பம் வரவில்லை. ஊரிலிருந்து வந்த நாளாக இவளைத்தான் தினம் பார்க்கிறேன். முந்தின நாள்கூட சிநேகிதிக்கு வீடியோ காலில் காட்டி, "இவ ஒருத்திதாண்டி ஒழுங்கா இருக்கா" என்று பெருமை அடித்தேன்.

மாமா அறை வாசலில் நின்று சொன்னார். முதல் பொம்மை சிறுத்துவிட்டது, அடுத்ததைச் சரியான உயரத்துக்குச் செய்ய வேண்டுமே என்று இவளை அளவுக்காக யூனிட்டுக்கு எடுத்துப் போனாராம். சுட்டு எடுத்ததன் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்கலாமென்று சூளையிலிருந்து அப்போதுதான் வந்த சூடான தட்டின் மேல் வைத்தாராம். பிளாஸ்டிக் என்பது மறந்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது துப்பாக்கிக்காரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"அந்த ஆளு ஒரு தடவ கொறஞ்சிட்டான், ஒரு தடவ கூடிட்டான். இதுல அளவு சரியா வந்துடிச்சி" என்றார். அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை.

கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அப்ப ரெண்டு கேசு. எனக்கு ரெண்டு வாரம்."

நான் துப்பாக்கிக்காரியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். "ஏன் மாமா சொன்னீங்க? எனக்குத் தெரியவே தெரியாது. ஜென்மத்துக்கும் கண்டுபுடிச்சிருக்க மாட்டேன்."

"ஒனக்குத் தெரியாதும்மா" என்றார் மாமா. "எனக்குத் தெரியுமே. ரூம் வாசல தாண்டிப் போவறப்பல்லாம் அது என்னையே பாக்குது."

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பும் சேர்ந்து வந்தது, மூக்கு ஒழுகியது, சட்னிக் கரண்டியையும் இன்னும் கையிலேயே வைத்திருந்தேன். அழுகிற மருமகளைப் பார்த்து மாமா அரண்டுபோய்விட்டார். இரண்டு கையையும் எடுத்து ஆட்டினார்.

"அழாதம்மா, அழாத! ரெண்டுதான். சத்தியமா ரெண்டே ரெண்டுதான். மத்த மூணு பேரையும் நான் தொடவே இல்ல, வேணும்னா தட்டிப் பாத்துக்க!"